குடவோலையும் குடியாட்சியும்

அகநானூற்று 77ஆம் பாட்டில் மருதன் இளநாகனார் அமைத்த உவமையைச் சங்ககாலத் தேர்தலுக்குச் சான்றாகக் காட்டுவார் பலர். போரில் வீழ்ந்த மறவர் குடரை எருவை ஈர்த்தலுக்கு, கயிறு பிணித்த குடத்தின் பொறியை ஆய்ந்து நீக்கி ஓலை கொள்ளும் ஆவண மாக்கள் அங்கு உவமையாயினர். ஓலையில் யார் பெயர் இருந்தது, எழுதினார் யாவர், எதன்பொருட்டு என்பனவற்றுள் ஒன்றையும் புலவர் கூறினாரல்லர். அவ்விடைவெளியை நிரப்பியது பல நூற்றாண்டு பிற்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டே. ஒன்றன் பொருளைப் பிறிதொன்றன்மேல் ஏற்றுதல் ஆராய்ச்சியாகாது.

முதற் பராந்தகன் காலத்து அக்கல்வெட்டுகளும் (கி.பி. 919, 921) வாக்குரிமைக்குச் சான்றாகா. முப்பது குடும்பினும் தகுதியுடையார் பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஏதுமறியாச் சிறுவனைக்கொண்டு எடுப்பித்தனர். இது திருவுளச்சீட்டு, மக்கள் தேர்வன்று. இறைநிலம், சொந்த மனை, வேதப்பயிற்சி ஆகியவை வேண்டப்பட்ட அப்பிரமதேயத்தில் உழுகுடிகளின் பெயர் குடத்துட் புகவில்லை. வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை இருந்த 1951–52ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலுக்கு இதனை மூலம் என்பது மிகை.

ஆயினும், இன்றைய பேராளர் முறைக்கு அக்கல்வெட்டு தரத்தக்கது ஒன்றுண்டு. அது குடமன்று, கணக்கு. முன்னர் வாரியஞ்செய்து கணக்குக் காட்டாதார் பெயர் குடத்தில் இடப்படாது. அவர்க்கு மட்டுமன்றி, அவர்தம் தாயுடன் பிறந்தாள் மக்கள்வரை அத்தடை நீண்டது.