மணவறையில் ஒளிந்திருக்கும் மைக்: கெட்டிமேளத்தைத் தாங்குமா?

கல்யாண வீடியோவில் படம் எங்கேயோ போய்விட்டது. ட்ரோன் பறக்கிறது, கேமரா மூன்று பக்கமும் சுழல்கிறது. ஒலி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. தாலி கட்டும் காட்சி வந்ததும் ஏதாவது சினிமாப் பாட்டைப் போட்டு மூடிவிடுகிறார்கள். புரோகிதர் சொன்ன மந்திரம், பெண்ணின் அப்பா தழுதழுத்துச் சொன்ன ஒரு வார்த்தை, அத்தைமார் கேலி எதுவும் அதில் இருக்காது. அந்த ஒலி சரியாகப் பதிவாகியிருக்காது என்பதுதான் காரணம்.

மணவறை முன்னால் ஸ்டாண்டு போட்டு மைக் நிறுத்தினால் பாதி ஆல்பத்தில் அந்தக் கம்பிதான் தெரியும். ஆகவே கண்ணில் படாத மைக் வேண்டும். கைக்கடக்கமான வயர்லெஸ் மைக்குகள் சந்தையில் நிறைய வந்துவிட்டன. அவற்றில் இரண்டை, ரோட் வயர்லெஸ் ப்ரோ, டிஜேஐ மைக் 2 ஆகியவற்றை, கல்யாண மண்டபத்தில் வைத்துப் பார்த்தேன். யூடியூபர்களுக்காகச் செய்த கருவிகள் முகூர்த்த மேடையில் எப்படி நடந்துகொள்கின்றன என்பதுதான் கேள்வி.

பெட்டியில் என்ன இருக்கிறது

இரண்டும் ஒரே அமைப்புதான். உடையில் செருகும் டிரான்ஸ்மிட்டர் இரண்டு, கேமராவில் பொருத்தும் ரிசீவர் ஒன்று, மூன்றையும் போட்டு சார்ஜ் ஏற்றும் பெட்டி ஒன்று. ரோட் 2023-இல் வந்தது. டிரான்ஸ்மிட்டர் 35 கிராம், ஒரு சார்ஜில் சுமார் 7 மணி நேரம் ஓடும். டிஜேஐ 2024 தொடக்கத்தில் வந்தது. 28 கிராம், சுமார் 6 மணி நேரம். அறிமுக விலை ரோடுக்கு 399 டாலர், டிஜேஐக்கு 349 டாலர். இந்திய விலை கடைக்குக் கடை மாறுகிறது. பில்லும் வாரண்டியும் கொடுக்கிற இடத்தில் வாங்குவது நல்லது.

நம் வேலைக்கு முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. ரோட் பெட்டியில் வயர் வைத்த காலர் மைக் இரண்டு கூடவே வருகின்றன. சொருகினால் கழன்று வராதபடி திருகிப் பூட்டவும் முடியும். டிஜேஐயில் அதைத் தனியாக வாங்க வேண்டும். தீப்பெட்டி அளவுள்ள டிரான்ஸ்மிட்டரை அப்படியே சட்டையில் மாட்டினால், காந்தத்தில் எவ்வளவு அழகாக ஒட்டி நின்றாலும், குளோசப்பில் பளிச்சென்று தெரியும். மறைக்க வேண்டும் என்றால் காலர் மைக் கட்டாயம்.

இன்னும் சிறிதாக வேண்டும் என்பவர்களுக்கு 10 கிராம் எடையுள்ள டிஜேஐ மைக் மினி, 9 கிராமில் பித்தான் மாதிரி இருக்கும் ஹாலிலேண்ட் லார்க் எம்2 போன்றவை இருக்கின்றன. கண்ணில் படாமல் இருப்பதில் இவை ஒரு படி மேல். ஆனால் டிரான்ஸ்மிட்டருக்குள்ளேயே பதிவு செய்துகொள்ளும் வசதி இவற்றில் இல்லை. கல்யாணத்துக்கு அந்த வசதி ஏன் உயிர்நாடி என்பதைக் கீழே பாருங்கள்.

எங்கே ஒளிப்பது

மாப்பிள்ளை மார்பில் வைத்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நம் கல்யாணத்தில் அதைவிட மோசமான இடம் கிடையாது. மாலை அங்கேதான் உரசும். மாலை மாற்றும்போது மைக்கையும் சேர்த்து இழுக்கும். பட்டு அங்கவஸ்திரம் அசையும் ஒவ்வொரு முறையும் மைக்கில் ‘சரக் சரக்’ என்று விழும். வெற்றுமார்போடு அமரும் வழக்கம் உள்ளவர்கள் வீட்டில் செருகவே இடமில்லை. மணப்பெண் பக்கம் இன்னும் சிக்கல்: அட்டிகை, ஆரம், மாலை, எல்லாவற்றுக்கும் மேலே கரகரக்கும் பட்டு ஜரிகை.

பேசுபவர் யார் என்று பாருங்கள். முகூர்த்தத்தில் முக்கால் பங்கு பேச்சு புரோகிதருடையது. மாப்பிள்ளையும் பெண்ணும் பெண்ணின் பெற்றோரும் அவரைச் சுற்றி நாலடிக்குள்தான் இருக்கிறார்கள். ஆகவே ஒரு மைக் புரோகிதரின் மேல்துண்டு மடிப்பில் இருக்க வேண்டும். “இது சுடுமா தம்பி?” என்று கேட்பார்கள். சுடாது என்று சொல்லி, வயரை உள்பக்கமாக விட்டு டிரான்ஸ்மிட்டரை இடுப்பில் செருகிவிடலாம். ஹோம குண்டத்துக்குக் குனியும் பக்கத்தில் மட்டும் வேண்டாம். வெப்பமும் நெய்ப்புகையும் நேராக அங்கேதான் வரும்.

இரண்டாவது மைக்கை ஆள்மீது வைக்காமல் மணவறையின் முன் தூணில், உட்கார்ந்திருப்பவர் வாய் உயரத்துக்குப் பூச்சரத்தின் பின்னால் கட்டுங்கள். கட்டுவதற்கு முன் பூ அலங்காரக்காரர் வேலையை முடித்துவிட்டாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடைசியில் அவர்கள் பூவின் மேல் தண்ணீர் தெளிப்பார்கள். மைக்குக்கு அது ஆகாது. பெடஸ்டல் ஃபேன் காற்று நேராகப் படாத தூணாகவும் இருக்கட்டும். அக்னி அணையாமல் இருக்க ஹோமம் நடக்கும்போது ஃபேனைத் திருப்பித்தான் வைப்பார்கள். அந்தப் பக்கம் நமக்கும் வசதி.

டிரான்ஸ்மிட்டரில் மினுங்கும் சிறு விளக்கின்மேல் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டினால் போதும். காந்த கிளிப் உள்ள மைக்கை பேஸ்மேக்கர் வைத்திருக்கும் பெரியவர்கள் மார்பில் மாட்டக் கூடாது. தாரைவார்க்கும் தாத்தாவிடம் இதைக் கேட்டுவிட்டே மாட்டுங்கள்.

கெட்டிமேளச் சோதனை

உலகத்தில் எந்தக் கல்யாணத்திலும் மைக்குக்கு இவ்வளவு பெரிய சோதனை இருக்காது. சங்கல்பத்தில் புரோகிதர் முணுமுணுப்பார். மாப்பிள்ளை அதைத் திருப்பி இன்னும் மெல்லச் சொல்வார். கொஞ்ச நேரத்தில் கை உயரும், “கெட்டிமேளம்! கெட்டிமேளம்!” என்று குரல் வரும், தவிலும் நாகஸ்வரமும் பக்கத்திலேயே ஒரே நொடியில் வெடிக்கும். முணுமுணுப்புக்கு ஏற்ப கெயினை ஏற்றி வைத்திருந்தால் மேளம் உடைந்து கரகரக்கும். மேளத்துக்காக இறக்கி வைத்திருந்தால் மந்திரமே பதிவாகாது. அந்த நொடியில் கெயினைத் திருக ஆள் கிடைக்க மாட்டார். அவர் கையிலும் அட்சதை இருக்கும்.

இந்த இரண்டு கருவிகளும் பாஸாவது இங்கேதான். இரண்டிலும் டிரான்ஸ்மிட்டருக்குள்ளேயே 32-பிட் ஃப்ளோட் முறையில் பதிவு செய்ய முடியும். 24-பிட் பதிவு கணக்குப்படி 144 டெசிபல் வீச்சை ஏந்தும். 32-பிட் ஃப்ளோட் ஏந்துவது 1,528 டெசிபல். நடைமுறையில் இதற்குப் பொருள், பதிவில் எல்லையைத் தாண்டிவிட்டதாகத் தெரியும் மேளத்தை எடிட்டிங்கில் இறக்கினால் முழு வடிவத்தோடு திரும்பி வரும். முணுமுணுப்பை ஏற்றினால் அதுவும் தெளிவாக வரும். ரீப்பர், அடோபி ஆடிஷன் போன்ற மென்பொருள்கள் இந்தக் கோப்பைச் சிரமமில்லாமல் திறக்கும். கேட்டுப் பார்த்தபோது, மேளத்துக்கு முந்தைய அந்த அமைதியும் மேளமும் ஒரே கோப்பில் ஒழுங்காக இருந்தன. இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த விலை தகும்.

மூன்று எச்சரிக்கைகள். முதலாவது, 32-பிட் பதிவு இயங்குகிறதா என்று அமைப்புகளில் போய் முன்னாலேயே பார்த்துவிடுங்கள். பெட்டியைத் திறந்ததும் தானாக நடக்கும் என்று நம்ப வேண்டாம். இரண்டாவது, இந்தப் பாதுகாப்பு உள்பதிவுக்கு மட்டும்தான். வயர் வழியாகக் கேமராவுக்குப் போகும் ஒலி மேளத்தில் உடையலாம். அதை ஒத்திசைவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, மைக்கின் தலைக்கே தாங்கும் எல்லை உண்டு. நாகஸ்வரத்தின் அணசுக்கு நேர் எதிரே வைத்தால் மைக்குக்குள்ளேயே ஒலி நசுங்கும். அதை எந்த பிட்டும் மீட்காது. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். மேளக்காரர்கள் வலப்பக்கம் என்றால் இடப்பக்கத் தூணைத் தேர்ந்தெடுங்கள்.

பதிவு நேரத்தில் குறையில்லை. ரோடில் 40 மணி நேரத்துக்கு மேல் கொள்ளும். டிஜேஐயில் 8 ஜிபி; 24-பிட்டில் 14 மணி நேரம், 32-பிட்டில் அதைவிடக் குறையும். ஊஞ்சலில் தொடங்கி ஆசீர்வாதம் வரை நிறுத்தாமல் ஓடவிடலாம். ரோடில் டைம்கோடும் உண்டு. பல கேமராக்கள் வைத்து எடுப்பவர்களுக்குப் படத்தையும் ஒலியையும் பொருத்தும் வேலை பாதியாகக் குறைகிறது.

கூட்டத்தில் அலைவரிசை

பெட்டியின் மேல் ரோட் 260 மீட்டர், டிஜேஐ 250 மீட்டர் என்று தூரம் போட்டிருக்கிறது. அது நடுவில் எதுவும் குறுக்கிடாத வெட்டவெளிக் கணக்கு. இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இயங்குகின்றன. மண்டபத்து வைஃபையும் வந்தவர்கள் கையிலுள்ள ப்ளூடூத்தும் அதே அலையில்தான். அதோடு மனித உடம்பு இந்த அலையை நன்றாக விழுங்கும். அட்சதை போட எல்லோரும் எழுந்து மேடையைச் சூழ்ந்ததும் டிரான்ஸ்மிட்டருக்கும் ரிசீவருக்கும் நடுவே ஒரு மதில் எழுந்த மாதிரிதான். நமக்கு மிகவும் வேண்டிய நொடியில்தான் சிக்னல் விட்டுவிட்டு வரும். இது எந்தக் கம்பெனியின் குறையும் இல்லை, அலையின் இயல்பு. உள்பதிவு இல்லாத குட்டி மைக்குகளைக் கல்யாணத்துக்கு நான் பரிந்துரைக்காதது இதனால்தான். உள்பதிவு ஓடிக்கொண்டிருந்தால் சிக்னல் போனாலும் ஒரு சொல் விடுபடாது.

மண்டபத்துக்குள் கேட்க வேண்டும் என்றால்

பதிவு செய்வது வேறு, கூட்டத்துக்குக் கேட்க வைப்பது வேறு. மறைத்து வைத்த காலர் மைக்கை மண்டப ஸ்பீக்கரில் இணைத்துவிடாதீர்கள். அது நாலு திசையிலும் கேட்கும் மைக். ஸ்பீக்கர் ஒலியையே திரும்ப வாங்கி வீலென்று கூவும். புரோகிதர் குரல் பின்வரிசைக்குப் போக வேண்டுமானால், ஒரு திசையில் மட்டும் கேட்கும் மெல்லிய கூஸ்நெக் மைக்கை மனைப்பலகைக்குப் பக்கத்தில் தாழ்வாக வைத்து, ஸ்பீக்கரை அதற்கு முன்னால் கூட்டத்தைப் பார்த்துத் திருப்ப வேண்டும்.

ஸ்பீக்கரிலும் அடக்கம் சாத்தியம். மேடையின் இருபுறமும் ஆள் உயரப் பெட்டிகளை அடுக்கினால் முன்வரிசைப் பெரியவர்கள் காதைப் பொத்துவார்கள். பின்வரிசையில் அப்போதும் ஒன்றும் புரியாது. சிறிய பெட்டிகள் சிலவற்றைத் தூண்களை ஒட்டி வைத்து மெல்ல ஓடவிடுவதே சரி. இதற்கு பேட்டரியில் ஓடும் போஸ் எஸ்1 ப்ரோ பிளஸ் வகை ஸ்பீக்கர் வசதியாக இருக்கிறது. ஒரு கையில் தூக்கலாம், 11 மணி நேரம் வரை ஓடும் என்கிறது நிறுவனம், தரையில் வயர் இழுக்க வேண்டாம், கரண்ட் போய் ஜெனரேட்டர் மாறும் இடைவெளியிலும் குரல் நிற்காது. பின்வரிசைப் பெட்டிக்கு மட்டும் மிக்ஸரில் தாமதம் கொடுக்க வேண்டும். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகும். 20 மீட்டர் தள்ளி இருக்கும் பெட்டிக்கு 60 மில்லிசெகண்ட். அதைக் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும்.

விடியற்கால முகூர்த்தக்காரர்களுக்கு ஒரு நினைவூட்டல். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியே ஒலிபெருக்கி கூடாது. மூடிய மண்டபத்துக்குள் அங்கிருப்பவர்களுக்குக் கேட்கும் அளவில் மட்டும் வைக்கலாம். ஐந்து மணி முகூர்த்தத்துக்கு வாசலில் குழாய் கட்ட இடமில்லை.

மற்றத் திருமணங்களில்

சுயமரியாதைத் திருமணத்தில் வேலை இன்னும் எளிது, பொறுப்பு இன்னும் அதிகம். இந்துத் திருமணச் சட்டத்தில் 1967-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 7ஏ பிரிவு, உறவினர் நண்பர் முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்வதைத் திருமண முறையாக ஏற்கிறது. அந்தச் சொல்தான் கல்யாணமே. அது தெளிவாகப் பதிவாக வேண்டும். தலைமை தாங்குபவரின் மேடை மைக்கில் காலர் மைக் ஒன்றைச் சேர்த்துக் கட்டினால் போதும். சர்ச்சில் எதிரொலி அதிகம். மாப்பிள்ளையின் கோட் மடிப்பில் வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் காலர் மைக் அங்கே உடன்படிக்கை இரண்டையும் சுத்தமாக எடுக்கிறது. நிக்காவில் பெண்ணின் சம்மதம் தனியிடத்தில் கேட்கப்படுவதுண்டு. அங்கே மைக் வைக்கலாமா என்பதைப் பெண் வீட்டாரே சொல்ல வேண்டும்.

சொல்லிவிட்டு வையுங்கள்

மைக் தெரியாமல் இருக்கலாம். மைக் இருப்பது தெரியாமல் இருக்கக் கூடாது. மணப்பெண் கூறைப்புடவை மாற்ற அறைக்குப் போவார். அவர்மீது மைக் இருந்தால் அந்த அறைப் பேச்சும் பதிவாகும். வரதட்சணை முணுமுணுப்பு, சீர் பற்றிய சண்டை, அம்மாவின் அழுகை எல்லாம் எடிட்டர் காதுக்குப் போகும். முகூர்த்தத்தில் மணமக்களின் உடம்பில் மைக் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இது இரண்டாவது காரணம். யார்மீது மைக் இருக்கிறதோ அவரிடமும் இரு வீட்டாரிடமும் முன்னால் சொல்லிவிடுங்கள். மேடையை விட்டு எழும்போது கழற்றி வாங்கிவிடுங்கள்.

தீர்ப்பு

கல்யாண வீடியோவே தொழிலாக உள்ளவர்கள் ரோட் வயர்லெஸ் ப்ரோ வாங்கலாம்: காலர் மைக் கூடவே வருகிறது, உள்பதிவு நேரம் அதிகம், டைம்கோடு இருக்கிறது. ஏற்கெனவே காலர் மைக் வைத்திருப்பவர்களுக்கும், கல்யாணம் இல்லாத நாட்களில் நேர்காணல் எடுப்பவர்களுக்கும் டிஜேஐ மைக் 2 போதும். எடையும் விலையும் குறைவு. குட்டி மைக்குகளை வரவேற்பில் வாழ்த்து வாங்க வைத்துக்கொள்ளுங்கள், முகூர்த்தத்துக்கு வேண்டாம். ஒரே ஒரு வீட்டுக் கல்யாணத்துக்காக எதையும் வாங்க வேண்டியதில்லை. வீடியோக்காரரிடம் அட்வான்ஸ் கொடுக்கும்போதே மூன்று கேள்வி கேளுங்கள்: மைக் எங்கே வைப்பீர்கள், உள்பதிவு உண்டா, அசல் ஒலிக்கோப்பைத் தனியாகத் தருவீர்களா? மூன்றுக்கும் பதில் இருந்தால் ஆல்பத்தைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.