பெயரைக் காத்தவள்

நாவல் எழுதுகிறவனுக்குள்ள சிரமங்களில் பெயர் வைப்பதும் ஒன்று. பாத்திரம் மனசில் உருவான பிறகும், பொருத்தமான பெயர் அகப்படாமல் நாள்கணக்கில் நான் எழுதாமல் இருந்ததுண்டு. தாமஸ் மன் 1901-ல் வெளியிட்ட முதல் நாவலுக்கு ஒரு குடும்பப் பெயரையே தலைப்பாக வைத்தார்: 'புடன்புரூக்ஸ்'.

ஜெர்மானியக் குடும்பப் பெயர்களில் பல தொழிலாலோ இடத்தாலோ வந்தவை. ஷ்மிட் என்றால் கொல்லன். 'புரூக்' என்பது வட ஜெர்மானியப் பேச்சில் சதுப்பு நிலம். பெயரைக் கேட்ட மாத்திரத்தில் அந்த ஊர் வாசகனுக்கு ஈரமான தாழ்ந்த பூமி நினைவுக்கு வரும். இது வெறும் கற்பனைப் பெயரும் அல்ல. புடன்புரோக் என்று ஒரு பிரபு வம்சமே உண்டு. அதில் வந்த ஸ்வீடிஷ் தளபதி ஒருவர் 1743-ல் மரண தண்டனை பெற்றார். 1895-ல் ஃபோன்டானே எழுதிய 'எஃபி பிரீஸ்ட்' நாவலில், துப்பாக்கிச் சண்டையில் ஒருவருக்குத் துணை நிற்கிறவர் பெயரும் புடன்புரூக்தான். அங்கே ஓரமாக நின்ற பெயரை மன் நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்து, லூபெக் நகரத்துத் தானிய வியாபாரிகளுக்குச் சூட்டினார். அவருடைய குடும்பமும் லூபெக்கில் தானிய வியாபாரம் செய்ததுதான். 1891-ல் தகப்பனார் காலமானதும் அந்த வியாபாரம் கலைக்கப்பட்டது.

நாவலில் ஒரு குடும்பக் குறிப்பேடு வருகிறது. பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாம் அதில் பதிவாகும். சிறுவன் ஹன்னோ ஒருநாள் தன் பெயருக்குக் கீழே இரண்டு கோடு கிழித்துவிடுகிறான். தகப்பனார் அதட்டுகிறார். இனிமேல் எதுவும் வராது என்று நினைத்ததாகக் குழந்தை திக்கித் திக்கிச் சொல்கிறது. விமரிசகர்கள் இந்த இடத்தைத்தான் விடாமல் எடுத்துக்காட்டுகிறார்கள். நல்ல இடம்தான்; மறுக்கவில்லை.

ஆனால் அதே ஏட்டில் முன்பே ஒரு பேனா ஓடியிருக்கிறது. அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஹன்னோவின் அத்தை டோனி, இளவயதில் கடற்கரை ஊரில் ஒரு வைத்திய மாணவனிடம் மனசைப் பறிகொடுத்தவள். வீட்டாரோ கிரூன்லிக் என்ற வியாபாரியை நிச்சயிக்கப் பார்க்கிறார்கள். ஒருநாள் காலையில் அவள் அந்த ஏட்டைப் புரட்டுகிறாள். முன்னோர் பெயர்களைப் படிக்கப் படிக்க, தானும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி என்ற பெருமை தலைக்கேறுகிறது. பிடிக்காதவனோடு தனக்கு நிச்சயமான செய்தியைத் தன் கையாலேயே எழுதிவிடுகிறாள். யாரும் அவள் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. பெயர்தான் எழுதவைத்தது.

கிரூன்லிக் மோசக்காரன். அவனை விட்டாள், இரண்டாவது கல்யாணமும் நிலைக்கவில்லை. அதற்குப் பிறகும் ஊருக்கு அவள் பெர்மனேடர் அம்மாள்தான். எந்தப் பெயருக்காக வாழ்க்கையைக் கொடுத்தாளோ, அந்தப் பெயர் அவளுக்கு இல்லை!

கடைசியில் ஹன்னோவும் ஜுரத்தில் போய்விடுகிறான். மிஞ்சிய பெண்களிடம் டோனி சொல்கிறாள்: வாரம் ஒருமுறை சாப்பிட வாருங்கள், குடும்பக் காகிதங்களை வாசிக்கலாம் என்று. இதைப் படித்து அவளைப் பரிகசிக்கிறவர்கள் உண்டு. மன்னும் சற்றே சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஹன்னோ கோடு போட்டு முடித்ததை, அவள் ஒருத்திதான் முடிந்ததாக ஒப்புக்கொள்ளவில்லை.