முழுமையின் சிறிய உருவம்

1842ஆம் ஆண்டு ஜூன் மாதம் சார்லஸ் டார்வின், உயிரினங்கள் எப்படி மாறுகின்றன என்பது பற்றிய தம் கருத்தைப் பென்சிலால் 35 பக்கங்களில் எழுதினார். சொற்களைப் பாதியிலேயே சுருக்கியிருந்தார். பல வாக்கியங்கள் முற்றுப் பெறவில்லை. அச்சுக்கு உரியதாக யாரும் அதைக் கருத முடியாது, அவரும் கருதவில்லை. அவர் மனைவி எம்மா 1896இல் காலமான பிறகுதான், வீட்டு மாடிப்படியின் கீழிருந்த அலமாரியில் அந்தத் தாள்கள் கிடைத்தன. மகன் பிரான்சிஸ் 1909இல் அவற்றைப் பதிப்பித்தார். தட்டுத்தடுமாறித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் பொறுமையாகப் படிப்பவருக்கு ஓர் அதிசயம் புலப்படும். மனிதர் வளர்க்கும் விலங்குகளிலும் செடிகளிலும் தோன்றும் மாறுபாடு, இயற்கையில் தோன்றும் மாறுபாடு, இயற்கைத் தேர்வு, பிறகு பாறைகளின் சான்று, நிலப்பரப்பில் உயிரினங்கள் பரவியிருக்கும் விதம், வகைப்பாடு, கருவளர்ச்சி, பயனற்றுப்போன உறுப்புகள் என்று 1859இல் வரப்போகும் பெருநூலின் வாதம் அதிலேயே வரிசையாக நிற்கிறது. 1844இல் அது 230 பக்கமாக வளர்ந்தது. 1859 நவம்பர் 24ஆம் தேதி 'உயிரினங்களின் தோற்றம்' என்ற பெயரில் ஏறத்தாழ 500 பக்க நூலாக வெளிவந்தது. ஒரே வாதம் மூன்று அளவுகளில் நிற்பதை இப்படி அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அறிவியல் எழுத்தின் வரலாற்றில் அரிதாகவே கிடைக்கிறது.

இந்த 35 பக்கங்களை அறிவியல் எழுத்துக் கலையின் மிக அழகிய படைப்புகளுள் ஒன்றாக நான் கருதுகிறேன். எப்படித் தொடங்குவது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை இல்லை என்பதே காரணம். எழுத உட்காரும் ஆய்வு மாணவர் பெரும்பாலும் முன்னுரையின் முதல் வாக்கியத்தைத் தேடுகிறார். அது கிடைக்காமல் நாட்கள் போகின்றன. தமக்கு எழுத வராது என்று முடிவுகட்டிவிடுகிறார். குறை அவர் திறமையில் இல்லை, தேர்ந்துகொண்ட இடத்தில் இருக்கிறது. முன்னுரையின் வேலை, பின்னால் வரும் முடிவு எந்தக் கேள்விக்கு விடை என்று சொல்வது. முடிவுகள் வரிசைப்படும் முன்பு அந்தக் கேள்வியின் எல்லை யாருக்கும் தெரியாது. எனவே கட்டுரையின் முதல் பக்கம், மற்ற எல்லாப் பக்கங்களையும் நம்பி நிற்கும் பக்கம். அங்கிருந்து தொடங்குகிறவர் இன்னும் இல்லாத ஒன்றைச் சார்ந்து எழுத முயல்கிறார். டார்வின் தொடங்கிய விதம் வேறு. முதல் பகுதியை முழுமையாக எழுதாமல், முழுமையையே மிகச் சிறியதாக எழுதினார். அறிவியல் எழுத்தில் நல்ல தொடக்கம் என்பது இதுதான் என்பது என் வாதம்.

பின்னாளில் தம் தன்வரலாற்றில் டார்வின் இந்த முறையை விளக்கியிருக்கிறார். பெரிய பொருளைக் கையில் எடுக்கும்போது முதலில் இரண்டு மூன்று பக்கங்களில் ஒரு வரைவு. அடுத்துச் சில பக்கங்களில் சற்றே பெரியது. அதில் ஒரு நீண்ட விவாதத்துக்கோ ஒரு தொகுதித் தரவுகளுக்கோ பதிலாக ஓரிரு சொற்கள் மட்டுமே நிற்கும். அந்தத் தலைப்புகளை மறுபடியும் விரித்தும் இடம் மாற்றியும் பார்த்த பிறகே முழு எழுத்து. இதற்குத் துணையாக முப்பது நாற்பது பெரிய உறைகளைப் பெயர் எழுதி அடுக்கி வைத்திருந்தார். படித்ததும் கண்டதும் அந்தந்த உறைக்குள் போய்விடும். எழுதத் தொடங்கும்போது உரிய உறைகளைத் திறந்தால் போதும். இந்த முறையின் நுட்பம் எங்கே இருக்கிறது என்றால், தவறைத் திருத்துவதற்கு ஆகும் செலவில். துண்டுத்தாளில் நிற்கும் ஒரு சொல்லை நொடியில் இடம் மாற்றலாம், தூக்கி எறியலாம், மனம் வலிக்காது. இரண்டு நாள் செதுக்கிய பத்தியை அப்படி எறிய முடியாது. அது தவறான இடத்தில் இருந்தாலும் எழுதியவரே அதற்கு வக்காலத்து வாங்குவார். சிறிய வடிவில் மாற்றுவது எளிது என்பதால்தான் பெரிய வடிவம் உறுதியாக நிற்கிறது.

இது பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெரியவர் ஒருவருக்கு மட்டும் பொருந்திய பழக்கம் இல்லை. ஹார்வர்ட் பல்கலைக்கழக வேதியியலாளர் ஜார்ஜ் ஒயிட்சைட்ஸ் தம் ஆய்வுக்குழு மாணவர்களுக்காக எழுதிய சிறு வழிகாட்டி 2004இல் 'அட்வான்ஸ்ட் மெட்டீரியல்ஸ்' ஆய்விதழில் வெளிவந்தது. அவர் கேட்பதும் இதையே. வெற்றுத்தாள் ஒன்றில், இந்த வேலையை ஏன் செய்தேன், எதைச் சோதிக்க நினைத்தேன், உண்மையில் எதைச் சோதித்தேன், என்ன கிடைத்தது என்று தோன்றும் வரிசையில் எழுதிக்கொள்ளச் சொல்கிறார். பிறகு அவற்றை முன்னுரை, முடிவுகள், முடிவுரை என்று பிரிப்பது, படங்களையும் அட்டவணைகளையும் வரிசைப்படுத்துவது. வாசகம் கடைசியில்தான் வரும். இதை மேசையில் செய்துபார்ப்பது எளிது. கையில் உள்ள வரைபடங்களை எல்லாம் அச்செடுத்துப் பரப்பி, ஒவ்வொன்றின் கீழும் அது எதைக் காட்டுகிறது என்று ஒரே வாக்கியம் எழுத வேண்டும். வாக்கியம் எழுத வராத படம் இந்தக் கட்டுரைக்கு உரியதன்று. அந்த வாக்கியங்களை மட்டும் தொடர்ச்சியாகப் படிக்கும்போது ஒரு வாதம் நகர்ந்தால், கட்டுரை கிடைத்துவிட்டது. நகரவில்லை என்றால் படங்களை இடம் மாற்ற வேண்டும். இதற்குப் பின் செய்முறைப் பகுதியை எழுதலாம். என்ன செய்தோம் என்பது ஐயமின்றித் தெரிந்ததால் கை தயங்காது. முடிவுகள் அடுத்தும், முன்னுரை இறுதியிலும் வரட்டும்.

சோதனைகள் எல்லாம் முடியட்டும், அதற்குள் எழுத்து எதற்கு என்று கேட்கலாம். பல ஆய்வுக்கூடங்களில் நிலவும் எண்ணம் இது, நேர்மையான எண்ணமும்கூட. தரவு வருமுன் எழுதினால், வேண்டிய முடிவை நோக்கித் தரவை வளைத்துவிடுவோமோ என்ற அச்சம் இதில் இருக்கிறது. ஆனால் சிறிய முழுமையை முன்கூட்டியே எழுதிப் பார்ப்பவருக்குத்தான் ஓட்டைகள் முதலில் தெரியும். நடக்கும் ஆய்வைத் திட்டமிடுவதற்கே கட்டுரை என்ற வடிவம் பயன்பட வேண்டும் என்கிறார் ஒயிட்சைட்ஸ். மூன்றாம் படத்துக்கும் நான்காம் படத்துக்கும் நடுவே ஒரு படி குறைகிறது என்று தாளில் தெரியும்போது, கருவி இன்னும் கலைக்கப்படாமல் இருந்தால் விடுபட்ட சோதனையை அந்த வாரமே செய்துவிடலாம். வளைத்துவிடுவோமோ என்ற அச்சத்துக்கும் டார்வினிடம் மருந்து உண்டு. தம் கருத்துக்கு மாறான உண்மை எதைக் கண்டாலும் தாமதிக்காமல் குறித்துக்கொள்வதை அவர் பொன்விதியாக வைத்திருந்தார். சாதகமானவற்றைவிடப் பாதகமானவை வேகமாக மறந்துபோகும் என்பதை அனுபவத்தில் அறிந்தவர் அவர். அந்தப் பழக்கத்தின் தடம், அவருடைய நூலில் கோட்பாட்டின் இடர்ப்பாடுகளைப் பேசும் தனி அத்தியாயத்தில் தெரிகிறது. எதிர்ச்சான்றுக்கென்று ஒரு தலைப்பை முதல் வரைவிலேயே ஒதுக்கி வைத்திருப்பவர், எழுதுவதாலேயே நேர்மையாகிறார்.

மைக்கேல் ஃபாரடேயின் நாட்குறிப்பு இதே உண்மையை வேறு பக்கத்திலிருந்து காட்டுகிறது. அன்றன்று செய்த சோதனையை அன்றே எழுதினார். 1832இலிருந்து பத்திகளுக்குத் தொடர் எண் கொடுத்து வந்தார். அந்த எண் 16,041 வரை போனது. எண் இருந்ததால் பழைய குறிப்பு எதையும் புதிய சிந்தனைக்குள் இழுத்துவர முடிந்தது. ராயல் சொசைட்டிக்கு எழுதிய கட்டுரைகளிலும் பத்திகளுக்கு எண் இட்டு, ஒன்றுக்கொன்று சுட்டினார். எண் இட்ட வழக்கம் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டே அவர் எழுத்தின் வேகம் தெரிந்துவிட்டது. மின்காந்தத் தூண்டலை அவர் கண்டது 1831 ஆகஸ்ட் 29. அதுபற்றிய கட்டுரை ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது அதே ஆண்டு நவம்பர் 24. மூன்று மாதத்துக்குள் அத்தனை விரிவான கட்டுரை பிறந்ததற்குக் காரணம், எழுத உட்கார்ந்த நாளில் அவர் வெறுங்கையோடு உட்காரவில்லை என்பதே. நாள்தோறும் எழுதிய சோதனைக் குறிப்பு, கட்டுரையின் பாதி வேலையை ஏற்கெனவே முடித்திருந்தது.

தரவை வளைத்துவிடுவோமோ என்ற அச்சத்தைவிட ஆழமான மறுப்பு பீட்டர் மெடவாரிடமிருந்து வருகிறது. நோபல் பரிசு பெற்ற அந்த உயிரியலாளர் 1963இல் பிபிசி வானொலி உரையொன்றில், அறிவியல் கட்டுரை ஒரு மோசடியா என்று கேட்டார். கட்டுரையில் உள்ள செய்திகளை அவர் சந்தேகிக்கவில்லை. அதன் வடிவத்தைச் சந்தேகித்தார். எந்த எதிர்பார்ப்பும் இல்லாத மனத்தோடு விஞ்ஞானி தரவைத் திரட்டியதுபோலவும், முடிவு தானாக முகிழ்த்ததுபோலவும் அந்த வடிவம் பாவனை செய்கிறது என்பது அவர் குற்றச்சாட்டு. அப்படியானால், ஒழுங்கான வரைவோடு தொடங்குவது அந்தப் பொய்யை முதல் நாளிலிருந்தே பழகுவதாகாதா? இதைக் கவனமாக எடைபோட வேண்டும். கண்டுபிடித்த வரிசை வேறு, நிறுவும் வரிசை வேறு. வாசகருக்கு இரண்டாவதுதான் வேண்டும். முதலாவதைத் தேதியிட்ட நாட்குறிப்பு காக்கிறது, அதனால்தான் இரண்டும் தனித்தனியே இருக்க வேண்டும். மேலும் மெடவார் தந்த தீர்வே, வழக்கமாகக் கடைசியில் வரும் விவாதத்தை முன்னால் கொண்டுவந்து, எந்த எதிர்பார்ப்போடு ஆய்வில் இறங்கினோம் என்று வெளிப்படையாகச் சொல்வதுதான். ஏன் செய்தேன், எதைச் சோதிக்க நினைத்தேன் என்ற கேள்விகளோடு தொடங்கும் சிறிய வரைவு அதைத்தான் செய்கிறது. எதிர்பார்ப்பு முதல் தாளிலேயே எழுதப்பட்டிருப்பதால் பின்னால் அதை மறைக்க முடியாது.

டார்வினுக்குச் சொத்தும் ஓய்வும் இருந்தன, 1842க்கும் 1859க்கும் இடையே 17 ஆண்டுகள் இருந்தன, நமக்கு அவை இல்லை என்றும் சொல்லலாம். ஆனால் அதே கருத்தைத் தனியாக எட்டியிருந்த இயற்கையியலாளர் வாலஸின் கடிதம் 1858 ஜூனில் வந்து அவசரம் பிறந்தபோது, அந்தப் பெருநூலை அவர் எழுதி முடித்தது 13 மாதமும் 10 நாளும் கொண்ட உழைப்பில். சிறு வரைவுகள் இல்லாமல் அந்த வேகம் சாத்தியமே இல்லை. அவசரத்திலேயே பிறந்த எழுத்துக்கும் நமக்கு அருகில் சான்று இருக்கிறது. 1928இல் கல்கத்தாவில் சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் புதிய ஒளிச்சிதறலைக் கண்டபோது, முதலில் 'நேச்சர்' இதழுக்கு எழுதியது சில பத்திகளே கொண்ட ஒரு கடிதம். அதன் தேதி பிப்ரவரி 16. வெளிவந்தது மார்ச் 31. எக்ஸ் கதிர்களில் காம்ப்டன் கண்ட விளைவுக்கு இணையாக ஒளியிலும் ஒன்று இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு, சோதித்த விதம், ஏறத்தாழ 60 திரவங்களில் கண்ட முடிவு என்று முழு வாதமும் அந்தச் சில பத்திகளில் அடங்கியது. அதே மார்ச் 16 அன்று ராமன் பெங்களூரில் ஆற்றிய உரையில் அது விரிந்தது. பின்னர் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் ஃபிசிக்ஸ்' இதழில் நீண்ட கட்டுரையாக அச்சானது. கடிதம், உரை, கட்டுரை என்ற இந்த வளர்ச்சி நடந்தது சில வாரங்களில். காலம் குறையக் குறைய இந்த முறையின் தேவை கூடத்தான் செய்கிறது.

வரைவு நின்ற பிறகும் வாக்கியம் எழுதியாக வேண்டும், அங்கேயும் பலர் தயங்குகிறார்கள். முதல் முயற்சியில் தம் கருத்து எப்போதும் கோணலான வடிவில்தான் வருகிறது என்று டார்வினே வருந்தியிருக்கிறார். அவர் கண்டுகொண்ட வழி, கையெழுத்தைப் பற்றிக் கவலைப்படாமல், சொற்களைப் பாதியாகச் சுருக்கி, பக்கம் பக்கமாக வேகத்தில் எழுதித் தள்ளிவிட்டு, பிறகு நிதானமாகத் திருத்துவது. யோசித்து யோசித்து எழுதியவற்றைவிட அப்படி வந்த வாக்கியங்கள் பல நேரம் மேலானவையாக இருந்தன என்பதும் அவர் அனுபவம். எழுதும் மனமும் திருத்தும் மனமும் ஒரே நேரத்தில் வேலை செய்தால் ஒன்றையொன்று தடுக்கும். எனவே முதல் நடையில் எண் நினைவுக்கு வராவிட்டால் ஒரு குறியிட்டு மேலே செல்லலாம். மேற்கோள் நூலின் விவரத்தைத் தேட எழுந்து போகக் கூடாது. தமிழில் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுத வேண்டிய மாணவருக்கு இது இரட்டை நன்மை. வாதத்தின் வரிசைக்கு ஆங்கிலம் தேவையில்லை. தலைப்புகளையும் படக்குறிப்புகளையும் தமிழும் கலைச்சொற்களும் கலந்தே எழுதி, வரிசை சரியான பிறகு ஆங்கிலத்தில் விரிக்கலாம். ஒரே மூச்சில் ஆய்வோடும் மொழியோடும் மல்லுக்கட்ட வேண்டிய கட்டாயம் அப்போது நீங்குகிறது. திருத்தும் கட்டத்துக்கு, கோபனும் ஸ்வானும் 1990இல் 'அமெரிக்கன் சயின்டிஸ்ட்' இதழில் எழுதிய கட்டுரை சிறந்த துணை. வாசகர் அழுத்தத்தை ஆங்கில வாக்கியத்தின் இறுதியில் எதிர்பார்க்கிறார், புதிய செய்தியை அங்கே வையுங்கள் என்பது அதன் முக்கியமான பாடம். ஆனால் அந்தப் பாடத்துக்கு உரிய நாள் திருத்தும் நாள்.

இந்தக் கலையில் ரசனை வளர்ந்தால் கையும் பழகும். அதற்கு நல்ல பயிற்சி, வியக்கும் ஒரு கட்டுரையை எடுத்து, பத்திக்கு ஒரு வரியாக அதன் வரைவைத் திரும்ப எழுதிப் பார்ப்பது. 1953 ஏப்ரல் 25 'நேச்சர்' இதழில் வாட்சனும் கிரிக்கும் வெளியிட்ட டிஎன்ஏ கட்டுரை இதற்குப் பொருத்தமானது. ஒரு பக்கத்தைச் சற்றே தாண்டும் நீளம், ஒரே ஒரு படம். நாங்கள் ஓர் அமைப்பை முன்வைக்கிறோம். முன்பு சொல்லப்பட்ட அமைப்புகள் ஏன் பொருந்தவில்லை. எங்கள் அமைப்பு எப்படி இருக்கிறது. காரங்கள் எப்படி இணைசேர்கின்றன. அதனால் மரபுப்பொருள் நகலெடுக்கும் வழி ஒன்று தெரிகிறது. சில வரிகளில் முழுக் கட்டுரையும் வந்துவிடுகிறது, ஒரு வரியையும் இடம் மாற்ற முடியவில்லை. ஒரு பக்கத்தில் நிற்கும் வாதத்துக்குத்தான் நூறு பக்கத்தைத் தாங்கும் வலு இருக்கும். ஆய்வேட்டின் முதல் வாக்கியத்துக்காகக் காத்திருப்பவர், அந்தக் காத்திருப்பை விட்டுவிட்டுத் தம் ஆய்வு முழுவதையும் இன்றே ஒரே பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும். அந்தப் பக்கம் கோணலாக இருந்தால் கவலையில்லை. எங்கே கோணல் என்று சொல்லிக்கொடுப்பதும் அந்தப் பக்கம்தான்.