சொல்லாமல் விட்ட வினைமுதல்

பைபிளின் எஸ்தர் புத்தகத்தில், சூசான் அரண்மனைக்கு யூதப் பெண் எஸ்தர் போனாள் என்று எபிரேய மூலம் சொல்லவில்லை. எடுத்துச் செல்லப்பட்டாள் என்கிறது. ஒரே சொல், செயப்பாட்டு வினை. பாரசீக அரசன் அகாஸ்வேருவிடம் கொண்டுபோய் விடும்போதும் அதே சொல்தான். தாய் தகப்பன் இல்லாத அவளை மொர்தெகாய் மகளாக எடுத்துக்கொண்டான் என்று அதற்குச் சற்று முன்னால் வரும் இடத்திலும் அதே வேர்ச்சொல், ஆனால் செய்வினையில். வளர்த்தவன் எடுத்தான் என்பது தெரிகிறது. அரண்மனைக்கு எடுத்தது யார் என்பது தெரியவில்லை. நாமும் பேச்சில் "கொண்டு போயிட்டாங்க" என்போம். அந்த 'ஆங்க' யார் என்று கேட்க மாட்டோம்.

குலத்தைச் சொல்லாதே என்று மொர்தெகாய் கட்டளையிட்டான், அவள் சொல்லவில்லை. பிறகு அரசனின் தலைமைப் பிரபு ஆமான் வருகிறான். யூதரை அழிக்க 10,000 தாலந்து வெள்ளி தருவதாகப் பேசுகிறான். அரசன் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிடுகிறான். அரசனிடம் போய் மன்றாடு என்று மொர்தெகாய் எஸ்தருக்குச் சொல்லி அனுப்புகிறான். ராணியாகிவிட்ட அவளை அரசன் அழைத்து 30 நாள் ஆகிறது. அழைக்காமல் போனால், பொற்செங்கோல் நீளாவிட்டால், சாவு. ஊர் யூதரெல்லாம் மூன்று நாள் உபவாசம் இருக்கட்டும், பிறகு போகிறேன் என்கிறாள். எஸ்தர் கட்டளையிட்டபடியெல்லாம் மொர்தெகாய் செய்தான் என்று அந்த அதிகாரம் முடிகிறது. 'கட்டளை' அதே சொல். திசை மட்டும் திரும்பிவிட்டது.

மூன்றாம் நாள் உடுத்துகிறாள். மொழிபெயர்ப்புகளில் ராஜவஸ்திரம் என்று இருக்கும். மூலத்தில் வஸ்திரம் இல்லை. எஸ்தர் அரசையே உடுத்திக்கொண்டாள். யூத மரபு நூலான தல்மூதின் ரபீக்கள் இங்கே நின்று, அவள் உடுத்தியது பரிசுத்த ஆவியை என்றார்கள். எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். துணி என்ற சொல் இல்லாததே போதும்.

செங்கோல் நீண்டது. அரசனை அவள் விருந்துக்கு அழைக்கும் விதத்தைப் பாருங்கள். முதல் விருந்தை 'அவருக்கு' ஆயத்தப்படுத்தினேன் என்கிறாள், அரசனை மட்டும் குறித்து. ஆமானும் வரலாம், அவ்வளவுதான். மறுநாள் விருந்தோ 'அவர்களுக்கு'! தமிழில் 'அவர்கள்' மரியாதைக்கும் வரும் என்பதால் இந்த நுட்பம் வழுக்கிப்போகும், எபிரேயத்தில் வழுக்காது. அரசனுக்குச் சமமாக ஆமான் ஒரே நாளில் ஏறிவிட்டான். ஆமானை ஏன் அழைத்தாள் என்பதற்குத் தல்மூத் பத்துப் பன்னிரண்டு காரணங்களை அடுக்குகிறது. அரசனுக்குப் பொறாமை மூட்ட என்பது அவற்றில் ஒன்று. எது சரி என்று எலியா தீர்க்கதரிசியையே கேட்டபோது, எல்லாமே சரி என்றாராம்.

அன்றிரவு அரசனுக்குத் தூக்கம் கலைந்தது. யார் கலைத்தார்கள்? எபிரேய எஸ்தரில் கடவுளின் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. கிரேக்க வடிவத்தைத் தந்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை போலும். ஜெபங்களைச் சேர்த்தார்கள், கடவுளின் பெயரையும் எழுதினார்கள். கதை சற்றுக் கெட்டுப்போனது என்பேன். வினைமுதலைச் சொல்லாத வாக்கியம்போலவே முழுப் புத்தகமும் நிற்கும்போது, நடுவில் வந்து 'இன்னாரால்' என்று எழுதிவைப்பானேன்?

இரண்டாம் விருந்து. திராட்சரசம் நடக்கிறது. என்ன வேண்டும் என்று அரசன் கேட்கிறான். நானும் என் ஜனமும் விற்கப்பட்டோம் என்கிறாள். அடிமைகளாக விற்கப்பட்டிருந்தால்கூட வாய் திறந்திருக்க மாட்டேன் என்கிறாள். மறுபடியும் செயப்பாட்டு வினை. அன்று அவளை எடுத்துக்கொண்டு போன அதே இலக்கணத்தை இன்று அவளே கையில் எடுத்திருக்கிறாள். விற்றது யார்? அந்த வெள்ளிப் பேச்சுக்குத் தலையாட்டியவன் எதிரிலேயே கிண்ணத்தோடு இருக்கிறான். 'நீர் விற்றீர்' என்றிருந்தால் அவன் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்த்திருப்பான். 'விற்கப்பட்டோம்' என்பதில் அவன் கோபப்பட இடம் இருக்கிறது. கோபப்படுகிறான். யார் அவன், எங்கே இருக்கிறான் என்று கேட்கிறான். நிஜமாகவே தெரியாமல் கேட்கிறான்.

எஸ்தர் ஆமானைக் காட்டுகிறாள். அரசனின் மோதிரம் அப்போதும் ஆமானிடம்தான் இருந்தது.