நாட்டுடைமை நூல்களும் கட்டற்ற இணையமும்

நாமக்கல் மாவட்டம் மோகனூரில் 1888இல் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் நூல்கள் தமிழ்நாடு அரசால் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. அவருடைய 'மலைக்கள்ளன்' புதினத்தை எவரும் அச்சிடலாம், மின்னூலாக்கலாம். உரிமை திறந்துவிட்டது, ஆனால் உரிமை திறந்ததாலேயே நூல் வாசகர் கைக்கு வந்துவிடுவதில்லை. அதற்கு மூன்று படிகள் தேவை: பார்க்கக் கிடைப்பது, தேடக் கிடைப்பது, திருத்தக் கிடைப்பது.

உலகளாவிய வலை இந்தப் படிகளில்தான் வளர்ந்தது. 1993 ஏப்ரல் 30 அன்று ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் வலையின் மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அறிவித்தது. 2001இல் தொடங்கிய விக்கிப்பீடியா, வாசகரையே எழுதவும் திருத்தவும் வைத்தது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் பிறந்தது.

தமிழுக்குக் கூடுதலாக ஒரு தடை இருந்தது. தொடக்கத்தில் ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கல்தான் தெரியும். 1998 பொங்கலன்று தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டம், நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வழங்கியது. பின்னர் அது ஒருங்குறிக்கு மாறியதால் அந்நூல்களில் சொற்களைத் தேடுவது எளிதாயிற்று.

இன்றைய குறை வேறு. ஏராளமான நாட்டுடைமை நூல்கள் இணையத்தில் வெறும் படங்களாகவே கிடக்கின்றன. படத்தில் சொல்லைத் தேட முடியாது. பார்வையற்ற மாணவருக்குத் திரைபடிப்பான் அதை வாசித்துக் காட்டவும் முடியாது. எழுத்துணரி மென்பொருள் படத்தை எழுத்தாக்கித் தரும். ஆனால் அது 'ர'வையும் துணைக்காலையும் குழப்பிக்கொள்கிறது. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய 'ணை', 'லை', 'றா' வடிவங்களில் இன்னும் தடுமாறுகிறது. 1972இல் மறைந்த நாமக்கல் கவிஞரின் முதற்பதிப்புகளெல்லாம் அந்தப் பழைய எழுத்தில் அச்சானவையே.

இந்த இடைவெளியை நிரப்ப வந்தது விக்கிமூலம். பக்கத்தின் படமும் எழுத்தும் அங்கே அருகருகே நிற்கின்றன. ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் பக்கம் மஞ்சள் நிறம் பெறும். இன்னொருவர் சரிபார்த்தால் பச்சையாகும். ஐயம் எழுந்தால் படத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். படத்தை மட்டும் தரும் தளத்திலும், எழுத்தை மட்டும் தரும் தளத்திலும் இந்த வசதி இல்லை. ஆயினும் மெய்ப்புப் பார்க்காத சிவப்புப் பக்கங்கள் அங்கும் மலைபோல் குவிந்துள்ளன. நூல்களைப் பதிவேற்றுவதில் நாம் காட்டிய வேகத்தைப் பிழை திருத்துவதில் காட்டவில்லை. பிழையோடு பரவும் வரியை மாணவர் அப்படியே கட்டுரையில் மேற்கோளாக எடுத்தாள்கிறார். அந்தப் பிழையும் உடன் பரவுகிறது.

சேலம், நாமக்கல் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள், மாணவர் ஒருவருக்குப் பருவத்திற்குப் பத்துப் பக்கம் மெய்ப்புப் பார்ப்பதைப் பயிற்சியாக வைக்கலாம். ஐம்பது பேர் உள்ள வகுப்பு ஒரே பருவத்தில் ஐந்நூறு பக்கங்களை முடித்துவிடும். மாணவருக்கும் ஒற்றுப்பிழையும் சந்தியும் தாமாகவே படியும்.