உல்ம் கொடுத்த வாக்கு

'யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4' விளையாட்டைத் திறந்தால் திகதி 1444 நவம்பர் 11. முதல்நாள்தான் வார்னா போர்க்களத்தில் போலந்தின் இளம் அரசன் விழுந்திருக்கிறான். பிரான்சும் ஓட்டோமானும் திரையில் பாய் விரித்ததுபோல் கிடக்க, ஜேர்மனிப் பக்கம் மட்டும் யாரோ கண்ணாடி வளையல்களை உடைத்துக் கொட்டின மாதிரி இருக்கும். அந்தத் துண்டுகளில் ஒன்று உல்ம். டான்யூப் கரையில் ஒரே ஒரு மாகாணம். அதைக் கண்டுபிடிக்கவே மவுஸ் சக்கரத்தைப் பலமுறை உருட்ட வேண்டும்.

ஸ்டொக்ஹோமில் இருக்கும் பரடொக்ஸ் நிறுவனம் 2013 இல் வெளியிட்ட விளையாட்டு இது. பாமன்கடையில், 120 ஆம் இலக்க பஸ்ஸின் ஹோர்ன் விடாமல் கேட்கிற ஒரு இரண்டாம் மாடி அறையில் நான் இதை வருடக்கணக்காக விளையாடுகிறேன். உல்மை எடுத்து உலகம் முழுவதையும் விழுங்கிக் காட்டுவது இந்த விளையாட்டுக்காரர்களிடையே ஒரு பழைய பகிடி. அதற்கு அபாரமான கணக்குத் திறமை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பார்க்க எனக்குச் சலிப்பு. ஐந்நூறு மாகாணம் பிடித்த பிறகு அது உல்ம் இல்லை. உல்ம் என்று பெயர் ஒட்டிய இன்னொரு ஓட்டோமான்.

என் ரசனை வேறு. சின்ன அரசைச் சின்னதாகவே வைத்துக்கொண்டு, சொன்ன சொல் தவறாமல், 1821 இல் விளையாட்டு முடியும்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது.

இதற்கு விளையாட்டின் விதிகளே கொஞ்சம் ஒத்தாசை செய்கின்றன. உல்ம் புனித ரோமப் பேரரசுக்குள் ஒரு சுதந்திர நகரம். யாராவது அதன்மீது பாய்ந்தால் பேரரசர் காக்க வரவேண்டும். ஆனால் இரண்டாவது மாகாணம் ஒன்றைச் சேர்த்தால் அந்தத் தகுதி போய்விடும். நியாயமான காரணம் இல்லாமல் போர் அறிவித்தால் நாட்டின் உறுதி இரண்டு படி இறங்கும். பேரரசுக்குள் பக்கத்து ஊரைப் பிடித்தால் சுற்றியுள்ள அத்தனை பேரின் மனதிலும் கசப்பு ஏறி, அளவு மீறியதும் எல்லோரும் கூட்டணி கட்டிக்கொண்டு வருவார்கள். கூப்பிட்ட நண்பனுக்கு உதவப் போகாவிட்டால் மதிப்புச் சரியும், உறவு முறியும்.

இங்கேதான் எனக்கொரு மனக்குறை. நாணயத்துக்கும் விளையாட்டு விலை போட்டு வைத்திருக்கிறது. நம்பிக்கை என்பது நூற்றுக்கு இத்தனை என்று ஒரு எண்ணாகத் தெரியும். வாக்கைக் காப்பாற்றினால் எண் ஏறும், ஏறினால் பிறகு அதனால் ஆதாயம் உண்டு. இது மானமா, வங்கிக் கணக்கா? ஆகவே நல்ல ஆட்டக்காரனை அடையாளம் காண, அந்த எண் எதுவும் தராத இடத்தில் அவன் என்ன செய்கிறான் என்று பார்க்க வேண்டும். அப்படியான இடம் அபூர்வமாகத்தான் வரும். எனக்கு ஒருமுறை வந்தது, அதுவும் இலங்கை மின்சாரத்தின் புண்ணியத்தில்.

2022 மார்ச் கடைசி. நாளுக்குப் பத்து மணித்தியாலம், ஒருநாள் பதின்மூன்று என்று கரண்ட் போன காலம். என் மடிக்கணினியின் பற்றரி செத்து வெகுநாள்; வயரில்தான் உயிர். நான் விளையாடுவது 'அயர்ன்மேன்' முறையில், அதாவது பிழைத்த காயைத் திரும்ப எடுக்க வழியில்லை. அன்று அன்ஸ்பாக் அரசு தன் சகாக்களோடு நூரன்பேர்க் மீது போர் தொடுத்தது. நிஜத்திலும் 1449 இல் இவை இரண்டும் மோதியவைதான். நூரன்பேர்க் என் கூட்டாளி. அழைப்பு வந்தது. என்னிடம் ஏழு ரெஜிமென்ட், ஏழாயிரம் பேர். எதிரே அதைப்போல் நாலு மடங்கு. அந்த ஆட்டத்தில் பேரரசர் பட்டம் யாரோ ஒரு நோஞ்சான் சிற்றரசனிடம் போயிருந்தது. அவர் வந்தென்ன, வராமல் என்ன. 'சம்மதம்' என்ற பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோகிறேன், பட்டென்று இருட்டு.

மெழுகுவர்த்தி, நுளம்பு, பக்கத்துத் தொடர்மாடியின் ஜெனரேற்றர் இரைச்சல். பல்கனியில் இருந்தபோதுதான் உறைத்தது. விளையாட்டு கடைசியாகத் தன்னைச் சேமித்தது போர் தொடங்க ஒரு மாதம் முன்பு. கரண்ட் வந்ததும் அங்கிருந்துதான் தொடங்கும். அந்த ஒரு மாதத்துக்குள் நூரன்பேர்க்கோடு உள்ள கூட்டை நானே மரியாதையாக முடித்துக்கொண்டால் அழைப்பே வராது. வராத அழைப்பை யாரும் மறுக்க முடியாது. மதிப்பு சரியாது. விதிப்படி ஒரு குற்றமும் இல்லை.

இந்தச் சந்து எங்கள் நாட்டுக்குப் புதிதல்ல. 1638 இல் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனும் ஒல்லாந்தரும் மட்டக்களப்பில் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். போர்த்துக்கேயரிடமிருந்து பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்துப் படை நிற்கலாம், அரசன் விரும்பினால். அந்த 'அரசன் விரும்பினால்' ஒல்லாந்துப் பிரதியில் இல்லை. முக்கியமான கோட்டைகள் அவர்கள் கையிலேயே நின்றன. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை என்று சிங்களத்தில் சொல்வது இதைத்தான். உடன்படிக்கையை யாரும் கிழிக்கவில்லை. ஒரு சொற்றொடர் காணாமல் போனது, அவ்வளவுதான்.

மறுபக்கம் பாரி இருக்கிறான். பறம்பு மலையும் முந்நூறு ஊரும் உடைய வேள். மூவேந்தரும் சேர்ந்து முற்றுகையிட்டும் பணியாதவன். அந்தப் புனித ரோமப் பேரரசிலும் வெஸ்ட்பாலிய உடன்படிக்கைக்குப் பிறகு ஏறத்தாழ முந்நூறு அரசுகள் இருந்தன என்பது தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல். குறுநில மன்னனின் அழகைக் காண நமக்கு ஜேர்மன்காரர் சொல்லித்தர வேண்டியதில்லை. பாரியைப் பாடிய கபிலரிடமே கண் பழகிவிட்டது.

உல்முக்கும் தனக்கென்று ஒரு சொல் உண்டு. 1397 இல் எழுதிய சத்தியப் பட்டயம் அது. அதன்படி இன்றும் ஆண்டுதோறும் ஜூலையில் ஒரு திங்கட்கிழமை, நகரபிதா மக்கள்முன் நின்று, பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரேமாதிரி நடப்பதாகச் சத்தியம் செய்கிறார்.

கரண்ட் வந்தது. தெரிந்த ஒரு மாதத்தைத் தெரியாதவன்போல் ஓடவிட்டேன். சும்மா இருப்பதுதான் அந்த ஆட்டத்திலேயே நான் செய்த ஆகக் கடினமான நகர்வு. அழைப்பு மறுபடி வந்தது, சம்மதித்தேன். ஏழு ரெஜிமென்டும் இரண்டு கோடைக்குள் கரைந்தன. உல்ம் முற்றுகையில் விழுந்தது. தண்டப் பணம் கட்டக் கடன், கடனுக்கு வட்டி. தலைநிமிரப் பதினைந்து ஆண்டு. நூரன்பேர்க் தப்பிப் பிழைத்தது.

பிறகு வூர்ட்டெம்பேர்க் என்மீது வந்தபோது நூரன்பேர்க்கைக் கூப்பிட்டேன். வரவில்லை. அதற்குக் கடன் அதிகம். கடனில் மூழ்கிய அரசு போருக்கு வராது என்பது கணினியின் கணக்கு. எனக்குக் கோபம் வரவில்லை, கொஞ்சம் சிரிப்புத்தான் வந்தது. அந்தமுறை ஒஸ்திரியா பேரரசராக இருந்தபடியால் தப்பினேன். சமாதானம் ஆனதும் நூரன்பேர்க்கிடம் திரும்பத் தூதனை அனுப்பிக் கூட்டைப் புதுப்பித்தேன்.

நிஜ உல்மை 1802 இல் பவேரியா எடுத்துக்கொண்டது; 1810 இல் அது வூர்ட்டெம்பேர்க்கிடம் கைமாறியது. என் திரையில் அந்த ஆண்டுகள் இரண்டும் சத்தமில்லாமல் கடந்தன. 1821 வந்தபோது எங்கள் ஒழுங்கைக் கூட்டாளி ஒருவன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஓட்டோமானை எடுத்து வியன்னாவுக்கு அப்பாலும் போனவன்.

"எத்தினை மாகாணம்?" என்றான்.

"ஒண்டு."

"தொடங்கேக்க எத்தினை?"

"ஒண்டு."

கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, "சரி, முதல்லயிருந்து சொல்லு" என்றான்.