நாஷ் விழுங்காத மாத்திரை

'எ பியூட்டிஃபுல் மைண்ட்' (2001) படத்தை மறுபடி பார்த்தேன். ரஸல் க்ரோ பிரமாதம். ஆனால் கடைசியில் ஒரு பொய். நோபல் கமிட்டி ஆளிடம் ஜான் நாஷ், 'புது மருந்துகள் சாப்பிடுகிறேன்' என்கிறார். நிஜ நாஷ் 1970-க்குப் பிறகு மனநோய் மாத்திரையைத் தொடவே இல்லை. வயது ஏற ஏற, மெல்லத் தெளிந்தார்.

நல்லெண்ணப் பொய்தான். ஸ்கிஸோஃப்ரினியாவில் டோபமைன் என்கிற மூளை ரசாயனத்துக்குப் பங்கு உண்டு. 1950-களின் குளோர்ப்ரோமஸின் தொடங்கிப் பெரும்பாலான மருந்துகள் அதன் ஆட்டத்தைத்தான் அடக்குகின்றன. நிறுத்தினால் பலருக்கு நோய் திரும்பும். 'நாஷே நிறுத்திட்டாரே!' என்று யாராவது கிளம்பிவிட்டால்?

பயம் நியாயம். ஆனால் மூளை அத்தனை எளிய சமாசாரமில்லை. ஒரே ஜீன்கள் கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு இந்த நோய் வந்தால், இன்னொருவருக்கு வராமலிருக்கவே பாதிக்கு மேல் வாய்ப்பு. ஜீனுக்கு வெளியேயும் ஏதோ இருக்கிறது. 1963-ல் விவாகரத்து வாங்கிய அலிஷியா, 1970-ல் நாஷுக்குத் தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அந்த விவாகரத்தையும் படம் மறைத்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் அலிஷியா இன்னும் உயர்ந்திருப்பார்.

உங்கள் வீட்டில் யாராவது மாத்திரை சாப்பிட்டால், டாக்டரைக் கேட்காமல் நிறுத்திடாதீங்க. கூடவே கொஞ்சம் பேச்சுத்துணையும் கொடுங்கள்.